ஏற்காட்டின் ஆபத்து சிறுபாலத்தின் வாயில் இருக்கிறது

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். ஒரு கொண்டை ஊசி வளைவு வரை பள்ளத்தாக்கு தெரியும். அது திரும்பியதும் மலைச்சுவர் தெரியும். பள்ளத்தாக்கு வந்தால் எல்லாரும் கைபேசியை எடுக்கிறார்கள், சுவர் வந்தால் உள்ளே வைத்துவிடுகிறார்கள். நான் எழுத வந்தது சுவர்ப் பக்கத்தைப் பற்றி.

அந்தப் பக்கம் சாலையோரமாக ஒரு வடிகால் ஓடும். மலையிலிருந்து இறங்கும் ஓடை சாலையைத் தொடும் இடத்தில் ஒரு சிறுபாலம் இருக்கும். பாலம் என்று தெரியாமலேயே பஸ் அதைத் தாண்டிவிடும். இறங்கி எட்டிப் பார்த்தால்தான் அதன் வாய் தெரியும், ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு. மழைக்கு முன்னால் ஒருமுறை அப்படிப் பார்த்தேன். வாயில் பாதி உயரத்துக்குச் சருகு. அதன் மேல் மூங்கில் கழிகள், தண்ணீர் பாட்டில்கள், குரங்குகளுக்கு யாரோ வீசிய சிப்ஸ் உறைகள். நடுவில் பூசணிக்காய் அளவில் ஒரு கல், அடுக்கி வைத்தது போல். தண்ணீர் வந்தால் அது போக மீதமிருந்த இடம் ஒரு சாண்.

ஏற்காட்டில் இயற்கைச் சீற்றம் என்று எதைச் சொன்னாலும், அதில் பாதி இந்த ஒரு சாண் இடைவெளியில் முடிவாகிறது என்பது என் எண்ணம். மற்றதையும் பார்த்துவிடுவோம்.

சேலத்துக்காரர்களுக்குப் புயல் என்றால் கடலோரத்தாரின் கவலை. கடலூர்க் கடற்கரையிலிருந்து சேலம் நேர்கோட்டில் 170 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. இடையில் கல்வராயன் மலையும் நிற்கிறது. அந்த நிம்மதியை 2024 கலைத்தது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடந்த இடத்திலேயே மணிக்கணக்கில் நகராமல் நின்றுவிட்டு, பிறகு வலுவிழந்து மேற்கே வந்தது. காற்று ஓய்ந்துவிட்டது, அது சுமந்து வந்த ஈரம் ஓயவில்லை. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ., ஏற்காட்டில் ஏறக்குறைய 24 செ.மீ. மழை. கடலையே பார்க்காத ஊர்கள் இவை. ஊத்தங்கரையில் நிறுத்தி வைத்திருந்த வாகனங்களை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை நாடே பார்த்தது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. போக்குவரத்தைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டார்கள்.

வானிலைத் துறையின் கணக்கில் ஒரு நாளில் 6.5 செ.மீ.யை எட்டினால் கனமழை, 11.5 செ.மீ.யைத் தாண்டினால் மிக கனமழை, 20.4 செ.மீ.யைத் தாண்டினால் அதி கனமழை. அதற்கு மேல் பெயர் இல்லை. ஏற்காடு அன்று அந்தக் கடைசிப் பெயரின் வரம்பையும் தாண்டி நின்றது. ஏற்காட்டின் ஆண்டு மழையே சராசரியாக 150 செ.மீ. அளவுதான். அதில் ஆறில் ஒரு பங்கு ஒரே நாளில் இறங்கியிருக்கிறது.

செ.மீ. என்று சொன்னால் மனத்தில் ஒன்றும் பதிவதில்லை. லாரிக் கணக்காகச் சொல்கிறேன். ஒரு ஏக்கர் காப்பித் தோட்டத்தின் மேல் 24 செ.மீ. மழை விழுந்தால் அது சுமார் 9 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 80 லோடு. ஒரே நாளில், ஒரே ஏக்கரில், அதுவும் சரிவில். அந்த ஓடையின் தலைக்கு மேலே இப்படி எத்தனை ஏக்கர் இருக்கிறது என்று எண்ணிவிட்டு அந்தப் பூசணிக்காய்க் கல்லை மறுபடியும் நினைத்துக்கொள்ளலாம்.

மழை மலையில் மட்டும் ஏன் இப்படிக் கொட்டுகிறது? சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று, ஏற்காடு உட்கார்ந்திருக்கும் சேர்வராயன் மலையில் முட்டினால் மேலே ஏறுவதைத் தவிர வழி இல்லை. ஏறும் காற்று குளிரும், குளிர்ந்தால் சுமையை இறக்கி வைக்கும். நீலகிரியைப் போல நீண்ட மலைத்தொடரின் ஒரு துண்டு அல்ல இது. சமவெளியில் தனியாக எழுந்து நிற்கும் மலை. தென்மேற்கிலிருந்து வந்தாலும் வடகிழக்கிலிருந்து வந்தாலும் காற்று இதில் ஒரு பக்கம் மோதித்தான் போக வேண்டும். ஆகவே ஏற்காட்டுக்கு ஒரு மழைக்காலம் அல்ல. ஏப்ரல், மே மாதங்களில் கோடை இடிமழை, ஆகஸ்ட், செப்டம்பரில் மாலை நேர மழை, அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை. மண் முழுக்கக் காய்ந்து இறுகுவதற்கு அவகாசம் கிடைப்பது ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான்.

மண்ணைப் பற்றி சொல்லாமல் மண்சரிவைப் பற்றிப் பேச முடியாது. சேர்வராயன் மலையின் உடல் சார்னோக்கைட் என்ற மிகப் பழைய, மிகக் கடினமான பாறை. சென்னைப் பரங்கிமலையின் கல்லும் இதே இனம்தான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தக் கல்லை வைத்ததால் இந்தப் பெயர் வந்தது. பாறை உறுதியானது, சரி. ஆனால் அதன் மேல் கிடப்பது அந்தப் பாறையே கோடிக்கணக்கான ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் இற்றுப்போய் உண்டான செம்மண். பாறை ஒரே சீராக இற்றுப்போவதில்லை. வெடிப்புகளின் வழியே தண்ணீர் இறங்கி ஓரங்களைத் தின்னும். நடுப்பகுதி தப்பி உருண்டைக் கல்லாக மண்ணுக்குள் நிற்கும். பலாப்பழத்துக்குள் கொட்டை இருப்பது போல. மலைச்சுவரில் சாலைக்காக வெட்டிய இடங்களை உற்றுப் பார்த்தால் சிவந்த மண்ணில் இந்த உருண்டைகள் பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்பது தெரியும். மழையில் சுற்றியுள்ள மண் கரைந்துவிட்டால் கல்லுக்குப் பிடிமானம் இல்லை. மறுநாள் செய்தியில் ‘ராட்சதப் பாறை உருண்டது’ என்று வரும். அது அங்கேயேதான் இருந்தது, பல வருடங்களாக.

மண் சரிவதற்குக் காரணம் மழை என்பது பாதி உண்மை. மண் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கும் வரை அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும். தண்ணீர் அந்த இடத்தை நிரப்பினால் எடை கூடும். உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தமும் கூடும். அடியில் கடினப் பாறை இருப்பதால் தண்ணீர் அதற்குக் கீழே இறங்க முடியாமல் பாறையின் முதுகில் வழியும். மேல் மண் அப்படியே வழுக்கிக்கொண்டு வரும். இயல்பான சரிவில் இது எப்போதாவது நடக்கும். சரிவின் அடிப்பகுதியை வெட்டிச் சாலை போட்டாலோ, வீட்டு மனைக்காகச் சமன்படுத்தினாலோ, நின்றுகொண்டிருப்பவனின் காலைத் தட்டிவிட்ட மாதிரிதான்.

தடுப்புச் சுவர் கட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் அந்தச் சுவரில் வரிசையாகப் பதித்திருக்கும் குழாய்த் துளைகளைப் பார்க்க வேண்டும். பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேறத்தான் அவை. மழை பெய்யும்போது அந்தத் துளைகளிலிருந்து நீர் சொட்டினால் சுவர் வேலை செய்கிறது. துளைகளில் புல் முளைத்துக் காய்ந்து கிடந்தால் அது தடுப்புச் சுவர் அல்ல, தண்ணீரைத் தேக்கும் அணை. அணையாகக் கட்டாத சுவர் அணையாக எத்தனை நாள் நிற்கும்?

சாலை விஷயத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு மடிந்து மடிந்து ஏறும் பாதை என்பதால், ஒரே ஓடை அதே சாலையை ஒருமுறை அல்ல, பலமுறை குறுக்கே கடக்கும். மேல் வளைவில் ஒரு சிறுபாலம் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சாலை மேல் ஏறும்; தாரை ஓடுபாதையாக்கி அடுத்த திருப்பம் வரை ஓடி, அங்கே தனக்குப் பழக்கமே இல்லாத ஒரு சரிவில் குதிக்கும். அந்தச் சரிவு அவ்வளவு தண்ணீரை அதுவரை சுமந்ததே இல்லை. அதனால்தான் சரிவு ஓர் இடத்திலும் காரணம் இரண்டு வளைவுகளுக்கு மேலும் இருப்பது வழக்கம். சரிந்த இடத்தில் மண்ணை வாரிவிட்டு, சுவரையும் எழுப்பிவிட்டு, மேலே போய்ப் பார்க்காமல் இறங்கிவிட்டால் அடுத்த வருடம் அதே கதை.

2024 ஜூலை 30-இல் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்த பிறகு, ஏற்காட்டிலும் இப்படி நடக்குமா என்று கேட்காதவர் இல்லை. அங்கே சரிவு தொடங்கிய உயரம் சுமார் 1,550 மீட்டர். ஏற்காட்டின் உயரமும் ஏறக்குறைய அதுவே என்பதால் பயம் இன்னும் கூடியது. உயரம் ஒன்றாக இருப்பதில் பொருள் இல்லை. வயநாட்டில் தென்மேற்குப் பருவமழை நாள்கணக்கில் இடைவிடாமல் பெய்து மண்ணை ஊறவைத்திருந்தது. சரிந்தது ஒரு நீண்ட ஆற்றுப்பள்ளத்துக்குள் விழுந்து, வழியில் இருந்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டு, ஆற்றோரக் குடியிருப்புகள் மேல் இறங்கியது. ஏற்காட்டின் ஓடைகள் குட்டையானவை, நீர்ப்பிடிப்பும் சிறியது. இங்கே நாம் இதுவரை பார்த்தவை பெரும்பாலும் சாலையோரச் சரிவுகள். ஆனால் ஃபெஞ்சலின்போது திருவண்ணாமலையில், தனித்து நிற்கும் அந்தச் சிறு மலையின் அடியில், டிசம்பர் 1-ஆம் தேதி ஒரே சரிவு ஏழு உயிர்களைக் கொண்டுபோனது. ஏற்காட்டுக்காரர்கள் வயநாட்டை விட அதைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பி, தெரியாமலே மலைக்கு ஒரு நன்மை செய்தது. காப்பிக்கு நிழல் வேண்டும். நிழலுக்கு மரம் வேண்டும். மேலே சில்வர் ஓக்கும் மற்ற மரங்களும், அதில் சுற்றிய மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி, தரையில் முழங்கை ஆழத்துக்குச் சருகு. மழைத்துளி இத்தனை தளங்களில் இடறி விழுந்து மண்ணைத் தொடும்போது அதன் வேகம் போய்விடுகிறது. தோட்டத்தை விற்று மனை போட்டு, பொக்லைனால் படி வெட்டி, மேலே கான்கிரீட் போட்டால் அந்த 80 லோடும் நேராகக் கீழே இருப்பவர் கொல்லைக்குப் போகும். மேலே காட்சி முனை பார்த்த விடுதி, கீழே அதன் கூரைத்தண்ணீரை வாங்கும் குடியிருப்பு: இதைப் பல இடங்களில் இப்போது பார்க்கலாம்.

சரிவில் ஆள் சாகாவிட்டாலும் ஊர் துண்டிக்கப்படுகிறது. இதுதான் ஏற்காட்டின் உண்மையான பலவீனம். பெரும்பாலானோர் நம்பியிருப்பது இரண்டு பாதைகளை: அடிவாரத்திலிருந்து ஏறும் முதன்மைப் பாதை, குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏறும் மாற்றுப் பாதை. இரண்டும் ஒரே மலை, ஒரே மழை. பால், காய்கறி, கேஸ் சிலிண்டர், டீசல் எல்லாம் சேலத்திலிருந்து ஏற வேண்டும். பெரிய மருத்துவமனையும் கீழேதான். உறைவிடப் பள்ளிகளில் ஊர் ஊராக வந்து தங்கியிருக்கும் பிள்ளைகள், மே மாதக் கோடை விழாவுக்கு வந்து குவியும் கூட்டம், நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம் பக்கத்து மலைக்கிராமங்கள், இவர்கள் எல்லாருக்கும் சேர்த்து அந்த இரண்டு பாதைகள். ஒரு சில்வர் ஓக் மின்கம்பியில் சாய்ந்தால் மின்சாரம் போகிறது. சில மணி நேரத்தில் கைபேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீர்கிறது. அதன் பிறகு மேலே என்ன நடக்கிறது என்று கீழே தெரிய வழி இல்லை. சுற்றுலாப் பயணி இரண்டு நாள் சிக்கிக்கொண்டால் செய்தி ஆகிறது. மலைக்கிராமத்தில் பிரசவ வலி எடுத்தவள் சிக்கிக்கொண்டால் ஆவதில்லை.

மலையில் பெய்தது மலையோடு போவதில்லை. சேர்வராயனில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரத்தின் நடுவே ஓடித்தான் காவிரியைச் சேர்கிறது. சரபங்கா ஆறு ஓமலூர்ப் பக்கம் இறங்குகிறது. மற்ற நாள்களில் திருமணிமுத்தாற்றைப் பார்க்கும் வெளியூர்க்காரர் அதைச் சாக்கடை என்றே நினைப்பார். ஊர்க்காரரே அப்படித்தான் நடத்துகிறார். ஆனால் ஏற்காட்டில் ஒரு இரவு கொட்டினால் அது தன்னை ஆறு என்று நினைத்துக்கொள்ளும். இங்கே கவனிக்க வேண்டியது, சேலத்தில் அன்று மழையே இல்லாவிட்டாலும் வெள்ளம் வரலாம். மேலே பெய்து நின்று சில மணி நேரம் கழித்து, வானம் வெளுத்த பிறகு வரும்.

பழைய ஆட்கள் இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். அடிவாரத்தில் கன்னங்குறிச்சிப் புது ஏரி, அடுத்து மூக்கனேரி, இன்னும் கீழே ஒன்றன்பின் ஒன்றாக ஏரிகள். மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர். ஒவ்வொரு ஏரியும் வெள்ளத்தின் கையைப் பிடித்து நிறுத்தி, மெல்ல அனுப்பும். இன்று ஏரிகளில் சில மிச்சம், நடுவே இருந்த வாய்க்கால்கள் தெருக்களாகிவிட்டன. சேலத்தில் அல்லிக்குட்டை, தாதுபாய்குட்டை என்று பேட்டைப் பெயர்கள் இருக்கின்றன. குட்டை என்று பெயர் வைத்த இடத்தில் வீடு வாங்குபவர், அந்தப் பெயர் யார் வீட்டுச் செல்லப்பெயர் என்று ஒருமுறை விசாரிப்பது நல்லது.

மழைக்கு நேர் எதிரான ஆபத்து பிப்ரவரியில் தொடங்கும். மலையின் கீழ்ச்சரிவுகள் காப்பிக் காடு அல்ல. முட்புதரும் மூங்கிலும் இலையுதிர் மரங்களும். இலை உதிர்ந்து, போதை என்கிற உயர்ந்த புல் காய்ந்து, ஒரு பீடித் துண்டுக்குக் காத்திருக்கும். காட்டுத்தீ தானாகப் பற்றுகிறது என்பது பெரும்பாலும் கதை. மூங்கில் உரசித் தீப்பிடித்தது என்று சொல்லிக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேற்றத்துக்குப் போனவர்கள் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். தீ சரிவில் மேல்நோக்கி ஓடும்போது ஆள் ஓடும் வேகத்தை மிஞ்சும் என்பது அன்றுதான் பலருக்கும் தெரிந்தது. ஏற்காட்டுச் சரிவிலும் அதே விதிதான். தீயைக் கண்டால் மேலே ஏறித் தப்பிக்கப் பார்க்கக் கூடாது. பக்கவாட்டில், புல் இல்லாத பாறைக்கோ சாலைக்கோ நகர வேண்டும். இன்னொன்று: மார்ச்சில் எரிந்த சரிவில் மே மாத மழையைத் தாங்கச் சருகோ புல்லோ இல்லை. சாம்பலும் மண்ணும் கழுவிக்கொண்டு வந்து சேரும் இடம் எது என்று நினைக்கிறீர்கள்? அதே சிறுபாலத்தின் வாய்தான்.

கோடை மழையோடு இடியும் ஆலங்கட்டியும் வரும். இடி இடித்தால் ‘அர்ஜுனா, அர்ஜுனா’ என்று சொல்லச் சொல்வார்கள் பாட்டிகள். சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வந்துவிட்டால் தவறில்லை. மலை உச்சியில், காட்சி முனையின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அல்லது தனி மரத்தடியில் நின்று சொன்னால் அர்ஜுனனால் ஒன்றும் செய்ய முடியாது. இடி காதில் கேட்கிறது என்றாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம். பஸ்ஸோ காரோ கிடைத்தால் ஏறிக் கதவை மூடிக்கொள்ளலாம்.

நிலநடுக்கத்தைப் பற்றியும் கேட்பார்கள். 2002-இல் வெளியான இந்திய நிலநடுக்க வரைபடத்தில் சேலம் மூன்றாம் மண்டலம், அதாவது மிதமான ஆபத்து. 1900 பிப்ரவரியில் கோவைப் பக்கம் சுமார் 6 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்திருக்கிறது. 2018 ஜூலையில் சேலம், மேட்டூர், ஓமலூர் வட்டாரத்தில் லேசான அதிர்வை மக்கள் உணர்ந்தார்கள். வீடு கட்டுபவர் தூணுக்கும் உத்தரத்துக்கும் சரியான கம்பி கட்டச் சொல்ல இது போதுமான காரணம். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள அல்ல.

எச்சரிக்கை இப்போது முன்னைப் போல இல்லை, மேம்பட்டிருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கான மழை, இடி முன்னறிவிப்பு கைபேசிக்கே வருகிறது. ஏற்காட்டில் மழை மேகங்களைக் கண்காணிக்கும் ஒரு டாப்ளர் ரேடார் அமைக்கப்போவதாக மாநில அரசு அறிவித்திருக்கிறது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. ஆனால் ரேடாருக்கு வானம்தான் தெரியும், தரை தெரியாது. நேற்று நேராக நின்ற கம்பம் இன்று சாய்ந்திருப்பது, நன்றாக மூடிய கதவு நிலையில் உரசுவது, தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று செம்மண் நிறத்தில் வருவது, மழை வலுத்தும் ஓடையில் தண்ணீர் குறைவது: இவை அங்கே குடியிருப்பவர் கண்ணுக்குத்தான் படும். கடைசியாகச் சொன்னதுதான் மிக மோசம். மேலே எங்கோ மண் விழுந்து ஓடையை அடைத்திருக்கிறது என்று பொருள். என்ன ஆயிற்று என்று பார்க்க ஓடைக்குள் இறங்காமல், குடும்பத்தோடு ஓடையை விட்டு விலகி மேட்டுக்குப் போய்விட வேண்டும். போன் அங்கிருந்து செய்துகொள்ளலாம்.

செப்டம்பர் பிறப்பதற்குள், உச்சியிலிருந்து அடிவாரம் வரை இருபது வளைவுகளையும் நடந்து இறங்கி, ஒவ்வொரு சிறுபாலத்தின் வாயையும் குனிந்து பார்க்க ஒரு பகல் போதும். கையில் மண்வெட்டியோடு நாலு பேர் சேர்ந்து போனால் ஒரு வாரம் ஆகலாம்.